எஞ்சினின் வாய் எங்கே இருக்கிறது?

கைப்பேசியில் 'ஓப்பன் ஃபில்டர்' என்று தட்டினால் போதும். காளான் போன்ற சிவப்பு ஃபில்டர், பளபளக்கும் அலுமினியக் குழாய், ரப்பர் இணைப்பு, கிளிப் என்று வரிசையாக வந்து நிற்கும். கூடவே மூன்று வாக்குறுதிகள்: எஞ்சின் நன்றாக மூச்சு விடும், பவர் கூடும், பெட்ரோல் மிச்சமாகும். ஒரு ஸ்க்ரூடிரைவரும் பத்தாம் நம்பர் ஸ்பேனரும் இருந்தால் வீட்டு வாசலிலேயே மாட்டிவிடலாம். காரில் ஆசை உள்ள நம் பிள்ளைகள் பலர் முதன்முதலில் கைவைப்பது இந்த இடத்தில்தான்.

என் அக்கா மகனுக்கும் அந்த ஆசை வந்தது. வயது 22. போலிடெக்னிக் முடித்துவிட்டுக் கிள்ளானில் வேலை செய்கிறான். 7 ஆண்டுத் தவணையில் 1.5 லிட்டர் பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறான். மாதத் தவணை அவன் சம்பளத்திலிருந்துதான் போகிறது. அக்கா எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, இவன் காடியப் பிரிச்சுப் போடப் போறானாம். நான் சொன்னா காதுல ஏறாது. நீ வந்து வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

நான் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்ப்பவன். இருபது வருடமாகக் காற்றுக் கம்ப்ரசர்களோடுதான் குடித்தனம். எங்கள் வேலையில் ஃபில்டரைக் கண்ணால் பார்த்து "அடைத்துவிட்டது" என்று யாரும் சொல்வதில்லை. ஃபில்டருக்கு முன்னால் எவ்வளவு அழுத்தம், பின்னால் எவ்வளவு என்று மீட்டரைப் பார்ப்போம். வித்தியாசம் கூடினால் மாற்றுவோம், இல்லையென்றால் தொடமாட்டோம். அதனால் "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "முதலில் அளந்து பார்ப்போம். அதற்குப் பிறகும் வேணும்னா நானே மாட்டித் தர்றேன்" என்றேன். அக்காவுக்கு என் மேல் கோபம்.

பையன் நினைத்தது முட்டாள்தனம் அல்ல. எஞ்சின் பெட்ரோலைவிடக் காற்றைத்தான் அதிகம் சாப்பிடுகிறது. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். 1.5 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை 1.5 லிட்டர் காற்றை இழுக்கும். முழுதாக ஆக்சிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடினால், கணக்குப்படி நிமிடத்துக்கு 4,500 லிட்டர். இவ்வளவு காற்றும் மடித்து வைத்த ஒரு காகித ஃபில்டர் வழியாகத்தான் போகிறது. அந்தக் காகிதம் எஞ்சினின் கழுத்தை நெரிக்கிறது என்று ஒரு பையனுக்குத் தோன்றுவது இயல்புதானே?

நெரிக்கிறதா, எவ்வளவு நெரிக்கிறது? அதை அளக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இரும்புக் கடையில் 3 மீட்டர் ஒளிபுகும் சிறு குழாய் வாங்கினோம். அதை யூ வடிவில் ஒரு பலகையில் ஒட்டி, பக்கத்தில் அடிக்கோல் வைத்து, கேசரிக்குப் போடும் கலர் கலந்த தண்ணீரைப் பாதி வரை ஊற்றினோம். ஒரு முனை திறந்திருக்க வேண்டும். மறு முனையை ஃபில்டர் பெட்டியின் மூடியில், ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் பொருத்த வேண்டும். நல்ல மூடியில் ஓட்டை போட மனம் வரவில்லை. போத்தோங் கடையில் அதே காருக்கான பழைய மூடி ஒன்றைத் தேடிப் பிடித்து, ஓட்டையை அதில் போட்டான்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. குழாயைப் பொருத்துவது த்ராட்டிலுக்கு முன்னால்தான். த்ராட்டிலைத் தாண்டினால் எஞ்சின் இழுக்கும் இழுப்பில் அந்தத் தண்ணீர் உள்ளே போய்விடும். பலகையைப் பார்ப்பது பக்கத்து இருக்கையில் இருப்பவர் வேலை. ஓட்டுபவரின் கண் சாலையில்தான் இருக்க வேண்டும்.

ஞாயிறு காலை, வண்டி குறைவாக இருந்த நேரத்தில், நெடுஞ்சாலையில் ஏறும் பாதையில் இரண்டாவது கியரில் வேக வரம்புக்குள் முழுதாக மிதித்தான். நான் மடியில் பலகையோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் இடையே அதிகபட்ச வித்தியாசம் 16 செ.மீ. பழைய ஃபில்டரை எடுத்துவிட்டுப் புதிய சாதாரணக் காகித ஃபில்டரைப் போட்டோம். 13 செ.மீ.

பையன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா மாமா, அடைக்குது!"

"அடைக்குதுதான். மொத்தத்துல எவ்வளவுன்னு கணக்குப் போடு" என்றேன்.

நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம், கடல் மட்டத்தில், சுமார் 10.3 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். அதாவது 1,030 செ.மீ. அதில் 13 செ.மீ. என்பது ஒன்றே கால் சதவீதம். ஃபில்டரையும் பெட்டியையும் கழற்றி எறிந்துவிட்டு, எந்தத் தடையும் இல்லாமல் காற்று போனால்கூட, அந்தப் பக்கம் கிடைக்கக்கூடிய லாபம் அவ்வளவுதான். அதுவும் முழுதாக மிதித்து, உச்சச் சுற்றில் ஓடும்போது மட்டும். அலுவலகத்துக்குப் போகும் வழியில் அப்படி எத்தனை நொடி ஓட்டுவோம்?

அடுத்தது சூடு. எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தைக் காரே ஒரு சென்சார் வைத்துப் பார்த்துக்கொள்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்ன புளூடூத் ஸ்கேனரைச் செருகினால் கைப்பேசியிலேயே அந்த எண் தெரியும். வெளியே 33 டிகிரி. நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்தபோது, உள்ளே போகும் காற்று 61 டிகிரி காட்டியது. ஒன்றும் மாற்றாத காருக்கு இது அதிகமாகத் தோன்றியது. பானெட்டைத் திறந்து பெட்டியின் வழியைப் பின்தொடர்ந்தோம். முன்பக்கக் கிரில் அருகிலிருந்து வெளிக்காற்றை எடுத்துவர ஒரு கறுப்புக் குழாய் இருக்க வேண்டும். அது இல்லை. முன்னாள் உரிமையாளர் பம்பர் வேலை செய்தபோது எங்கோ கழன்று போயிருக்கிறது. பெட்டி ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து சூடான காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.

மறுபடியும் போத்தோங் கடை. அந்தக் குழாய் 25 ரிங்கிட். மாட்டிய பிறகு அதே சாலை, அதே நெரிசல், 48 டிகிரி. தண்ணீர்ப் பலகை 13-லிருந்து 14 செ.மீ. ஆனது. குழாய் நீண்டதால் தடை கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

அன்று மாலை அவனுடைய வேலையிடத்து நண்பன் வந்திருந்தான். அதே ரகக் கார், ஓப்பன் ஃபில்டர் மாட்டியது. எஞ்சினுக்குப் பக்கத்திலேயே, மூடி கிடையாது. ஸ்கேனரை அதில் செருகி அதே சாலையில் ஓட்டிப் பார்த்தோம். 66 டிகிரி.

அழுத்தம் மாறாமல் இருந்தால் காற்று சூடாகச் சூடாக அடர்த்தி குறையும். இரண்டு எண்ணோடும் 273-ஐக் கூட்டி வகுக்க வேண்டும். பையன் போலிடெக்னிக்கில் படித்த பாடம், என்னைக் கேட்காமலே போட்டான். 321-ஐ 339-ஆல் வகுத்தால் 0.947. அதாவது, நெரிசலிலிருந்து கிளம்பும் நேரத்தில் ஓப்பன் ஃபில்டர் கார் இழுக்கும் காற்று 5 சதவீதம் மெலிந்தது. தடையை எடுத்ததில் கிடைப்பது ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே. சூட்டில் போவது 5 சதவீதம். பவர் அப்படியே 5 சதவீதம் விழும் என்று சொல்ல முடியாது. சாலை திறந்து வேகமெடுத்ததும் அந்தக் காரிலும் சூடு இறங்கியது. ஆனால் நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் காரோட்டுபவர்களுக்கு எந்தப் பக்கம் நட்டம் என்பது தெரிந்துவிட்டது. பந்தயத்துக்கு ஓட்டுபவர்களுக்கும், டர்போ எஞ்சினை மறுபடி டியூன் செய்பவர்களுக்கும் கணக்கு வேறு. அவர்கள்கூட ஃபில்டரைச் சூட்டிலிருந்து பிரித்து வைக்கத்தான் அத்தனை பாடுபடுகிறார்கள்.

பெட்ரோல் மிச்சமாகும் என்பது மூன்றாவது வாக்குறுதி. பெட்ரோல் காரில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்துவது த்ராட்டில், அதாவது நம் கால். பாதி மிதித்து ஓட்டும்போது த்ராட்டிலே பெரிய தடையாக நிற்கிறது. அதற்கு முன்னால் ஃபில்டர் லேசாக இருந்தால் என்ன, கனமாக இருந்தால் என்ன? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்தது. இன்ஜெக்‌ஷன் உள்ள நவீன பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தாலும் பெட்ரோல் செலவில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. வேகமெடுப்பதுதான் மந்தமாகிறது என்று கண்டது. ஆகவே ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். அது பெட்ரோலுக்காக அல்ல, எஞ்சினுக்காக. சிமெண்டு லாரிகளும் கட்டுமானத் தூசியும் நிறைந்த நம் சாலைகளில், ஃபில்டரைத் தாண்டிப் போகும் நுண்மணல் பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவே உப்புத்தாள் போலத் தேய்க்கும். சோதனை முடிந்த அன்றே ஓட்டை போட்ட மூடியைக் கழற்றி, பழைய மூடியை மாட்டச் சொன்னேன்.

"அப்புறம் ஏன் மாமா, மாட்டினவன் எல்லாம் வண்டி பறக்குதுன்னு சொல்றான்?"

சத்தம். காற்றுப் பாதையில் எங்கும் போகாத ஒரு பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வேலையில்லாத பெட்டி என்று நினைத்து முதலில் அதைத்தான் கழற்றுவார்கள். அது ரெசனேட்டர். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் ஒலி வருமே, அதே தத்துவம். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரால் அழைக்கப்படுவது. எஞ்சின் காற்றை இழுக்கும் உறுமலை அந்தப் பெட்டி விழுங்குகிறது. அதையும் மூடியையும் எடுத்துவிட்டால் உறுமல் நேரே காதுக்கு வருகிறது. காது கேட்பதைக் கால் நம்புகிறது.

அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது என்றால் அதில் குற்றம் இல்லை. 22 வயதில் எனக்கும் பிடித்திருக்கும். "சத்தத்துக்காக வாங்கறேன்னு சொல்லி வாங்கு. பவர்னு சொல்லி உன்னையே ஏமாத்திக்காதே" என்றேன். அவன் சிரித்தான். பிறகு, கூடையில் போட்டு வைத்திருந்த வேறொரு செட்டைக் காட்டினான். இதில் சூடு பிரச்சினையே இல்லையாம். நீண்ட குழாய் பம்பருக்குப் பின்னால் கீழே இறங்குகிறது. ஃபில்டர் கீழே, குளிர்ந்த காற்றில். நாங்கள் போட்ட கணக்குப்படி பார்த்தால் இதுதான் சரியான விடை.

அதுவரை பேசாமல் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த அக்கா, "கீழேன்னா எவ்வளவு கீழே?" என்று கேட்டார்.

அக்கா வீடு ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில். 2021 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி அந்தத் தாமான்வாசிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல்மாடியில் உட்கார்ந்து, வாசலில் நின்ற மச்சானின் வேன் கண்ணெதிரே மூழ்குவதைப் பார்த்த குடும்பம் அது. மச்சான் டேப்பைக் கொண்டுவந்தார். தொழிற்சாலையில் வைத்த காற்று வாய், தரையிலிருந்து 68 செ.மீ. புதிய செட்டில் ஃபில்டர் வரப்போகும் இடம் 27 செ.மீ.

காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. எஞ்சின் ஓடும்போது சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால், மேலே வரும் பிஸ்டனுக்குப் போக இடம் இருக்காது. கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் உடைந்து எஞ்சினையே துளைக்கும். அதற்கு வேனை மூழ்கடித்த வெள்ளம் வர வேண்டியதில்லை. ஒரு மணி நேர மழையில் தேங்கும் பள்ளம் போதும். முன்னால் போகும் லாரி கிளப்பும் அலை இன்னும் உயரமாக வரும். சாதாரண முழுக் காப்புறுதி பொதுவாக வெள்ளத்துக்கு ஈடு தராது, அதற்குத் தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுக்க வேண்டும். காரில் செய்த மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால் அதிலும் சிக்கல் வரலாம். இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் பையன் அந்தச் செட்டைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டான்.

அக்கா, "நீ வேணாம்னு சொல்லியிருந்தா இவன் நான் இல்லாத நேரமாப் பாத்து மாட்டியிருப்பான்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். கோபம் போயிருந்தது.

அடுத்த மாதம் சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பிக்கும்போது, வெள்ளப் பாதுகாப்பையும் சேர்த்து எடுத்தான். வாசல் தூணில் 2021 வெள்ளக் கோடு இன்னும் இருக்கிறது. பெயின்ட் அடித்தபோது மச்சான் அதை மட்டும் விட்டுவைத்திருந்தார். அதற்கு வெகு கீழே, சக்கரத்தின் பாதி உயரத்துக்குப் பையன் மார்க்கரால் இன்னொரு கோடு போட்டிருக்கிறான். தண்ணீர் தூணைத் தொடும்போதே காரை மேட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் சாவியைத் தொடக் கூடாது என்பது அவன் அம்மாவின் உத்தரவு.