முட்டியும் கேள்வியும்

திருவனந்தபுரத்து வஞ்சியூரில் ஒரு வக்கீல் அலுவலகத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்துதான் அந்தச் சொல்லை முதலில் படித்தேன். என் ஓய்வூதியத்தைக் குறைத்து வந்த உத்தரவை எதிர்த்து மனு தயாராகியிருந்தது. கையெழுத்துப் போடுமுன் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் ‘இம்ப்யூன்ட் ஆர்டர்’. எனக்குக் கை ஓடவில்லை. ஒருவரின் நேர்மையைச் சந்தேகித்துப் பேசுவதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைச்சொல்தானே? முப்பது வருடம் சோறு போட்ட துறையை நானே பழிப்பதா?

“அது சீத்த வாக்கல்ல சாரே” என்றார் ஜூனியர் வக்கீல். கெட்ட வார்த்தை இல்லையாம். எந்த உத்தரவை எதிர்க்கிறோமோ, கோர்ட்டில் அதற்கு அதுதான் பெயராம்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனாலும் கரமனையில் உள்ள வீட்டுக்குத் திரும்பியதும் அகராதியை எடுத்தேன். ‘இம்ப்யூன்’ லத்தீனிலிருந்து வந்தது. அதன் அடியில் இருப்பது ‘புக்னுஸ்’, அதாவது மடக்கிய கைமுட்டி. அதிலிருந்து சண்டையிடுதல், பிறகு ஒருவர்மேல் பாய்தல். பதினான்காம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. எழுத்தில் உள்ள ‘ஜி’ உச்சரிப்பில் இல்லை. சண்டைக்காரனைக் குறிக்கும் ‘பக்னேஷியஸ்’ என்ற சொல்லில் அது இன்னும் ஒலிக்கிறது. ‘சேலஞ்ச்’ என்ற சொல்லின் பூர்வீகமும் சாதுவானதல்ல. அதன் மூலம் ‘கலும்னியா’, பொய்க் குற்றச்சாட்டு.

நம் பக்கத்துச் சொற்களைப் பார்த்தபோதுதான் மனம் ஆறியது. ‘சவால்’ அரபியில் பிறந்து உருது வழியாக நம்மிடம் வந்த சொல். அங்கே அதற்குப் பொருள் கேள்வி, அவ்வளவுதான். இந்த ஊர் மலையாளப் பத்திரிகைகளும் ஓர் உத்தரவைக் கோர்ட்டில் ‘சோத்யம் செய்தார்கள்’ என்றே எழுதுகின்றன. கேள்வி கேட்டார்கள் என்று அர்த்தம். முட்டியை மடக்காமலே எதிர்க்கலாம் என்று இந்தச் சொற்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதே ஊரின் பெரிய வழக்கு ஒன்றையும் நினைத்துக்கொண்டேன். பத்மநாபசுவாமி கோயில் நிர்வாகத்தை அரசு ஏற்க வேண்டும் என்று 2011 ஜனவரி 31 அன்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருவிதாங்கூர் அரச குடும்பம் உச்சநீதிமன்றம் போனது. 2020 ஜூலை 13 அன்று நீதிபதிகள் யு.யு. லலித்தும் இந்து மல்ஹோத்ராவும் அந்தத் தீர்ப்பை மாற்றி, குடும்பத்தின் உரிமையை ஏற்றார்கள். நிர்வாகக் குழுவுக்குத் தலைவர் திருவனந்தபுரம் மாவட்ட நீதிபதி என்றும் வகுத்தார்கள். ஒன்பது வருடம் உயர்நீதிமன்றத் தீர்ப்பு கேள்விக்குள்ளாகி நின்றது. அதை எழுதிய நீதிபதிகளுக்கு அதனால் ஒரு குறைவும் வரவில்லை. கோர்ட் முறையின் அழகு இதுதான். கேள்வி தாளின்மேல், எழுதிய கையின்மேல் அல்ல.

அரசு வேலையில் இருந்தவர்களில் பலர், மேலிடத்துத் தாளை எதிர்ப்பது நன்றிகெட்டதனம் என்று நினைத்துக் குறைந்த பணத்தோடு வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். நானும் ஏழு மாதம் அப்படித்தான் இருந்தேன். இப்படிப்பட்ட மனுக்களைக் கேட்கும் கேரள நிர்வாகத் தீர்ப்பாயத்தின் தலைமை அமர்வு இந்த ஊரிலேயே இருக்கிறது. இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து மனுச் செய்யச் சட்டம் தரும் அவகாசம் ஓராண்டு. தாள் தவறென்று தோன்றினால், அதற்குள் கேட்டுவிடுங்கள்.