36 வயதில் மறுபடியும் பைக் ரேஸ்: எதில் இறங்குவது?

கொஞ்சம் நீளமான இழை. பைக் ஓட்டுறவங்களும், பைக் ஓட்டும் பிள்ளைகளைப் பெத்தவங்களும் பொறுமையா படிங்க.

மறுபடியும் ரேஸ் ஓட்டப் போறேன்னு போன மாசம் ஒரு வரி எழுதினேன். அதுக்கு ரெண்டே விதமான கேள்விதான் வந்தது. "டாக்டர், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்பது ஒன்று. "ட்ராக்கா, டர்ட்டா, ரேலியா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆசையைத் தவிர வேற பதில் என்கிட்ட இல்லை. ரெண்டாவதுக்கு ரொம்ப நாள் யோசிச்சேன். அதைத்தான் எழுதறேன்.

எம்பிபிஎஸ் படிக்கும்போது மூணு சீசன் இருங்காட்டுக்கோட்டையில் ஒன்-மேக் போட்டிகள் ஓட்டினேன். ஒன்-மேக் என்றால் எல்லாருக்கும் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் பைக். அதிகபட்சம் ஒரு தடவை மூணாவது இடம். பிறகு ஹவுஸ் சர்ஜன், அரசுப் பணி, கல்யாணம், குழந்தை என்று 12 வருஷம் ஓடிப்போச்சு. இடது காலர்போனில் அந்தக் காலத்து பிளேட் மட்டும் இன்னும் இருக்கு.

இப்போ வேலை ஒடுகத்தூரில். ஜவ்வாது மலை அடிவாரம். பீஞ்சமந்தை பக்கத்து மலை மக்கள் சிகிச்சைக்கு இறங்கி வர்ற ஊர். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை அன்னைக்கு ஒரே பைக்கில் ரெண்டு ஆளும் ஒரு ஆடும் வரும். அப்படி வந்து விழுந்தவங்களுக்குத் தையல் போடறவன் நான். என் வலது கை உடைஞ்சா அது என் பிரச்சினை மட்டும் இல்லை.

அதனால் எதில் ஜெயிக்கலாம் என்பதை ஒதுக்கி வெச்சிட்டேன். ரேஸ் ஓட்டினா ஒருநாள் விழத்தான் போறோம். எதில் விழுந்தா அடுத்த வாரம் ஓபியில் உட்கார முடியும்? அதை வெச்சு ஒவ்வொரு வகையா பார்த்தேன்.

மோட்டோகிராஸ்: மண் தடம், மேடு, தாவல். உயரத்திலிருந்து இறங்கும் விசை கணுக்கால், முழங்கால், முதுகெலும்பு வழியா ஏறும். கையை ஊன்றி விழுந்தா ஸ்கேஃபாய்டு என்கிற சின்ன மணிக்கட்டு எலும்பு உடையலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். அதுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் கூடுவதும் தாமதம். கட்டைவிரல் அடிப்பக்கக் குழியில் அழுத்தினா வலி இருக்கா? "வெறும் சுளுக்கு"ன்னு எண்ணெய் தேய்க்காம டாக்டரைப் பாருங்க. ஊசி பிடிக்கிற கைக்கு இந்த வகை வேண்டாம்னு விட்டுட்டேன்.

ரேலி: மனசு கேட்டது இதைத்தான். கேரளத்தின் ஹரித் நோவா 2024 டாக்கர் ரேலியில் 'ரேலி 2' பிரிவை ஜெயிச்சப்போ ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. ஆனா இதே டாக்கரில்தான் 2021இல் பெங்களூரு சி.எஸ். சந்தோஷ் பாலைவனத்தில் விழுந்து தலையில் அடிபட்டார். மருந்து கொடுத்து கோமாவில் வெச்சிருந்தாங்க. மீண்டு வந்தார். 2018இல் ஸ்பெயினில் ஒரு பாஹா போட்டியில் விழுந்த ஐஸ்வர்யா பிஸ்ஸேக்குக் கணையம் கிழிஞ்சது. அடுத்த வருஷமே, 2019இல், பெண்கள் பிரிவில் பாஹா உலகக் கோப்பையை வாங்கினார்.

இந்த இடத்தில் பெத்தவங்களுக்கு ஒரு தகவல். ஹேண்டில்பார் வயித்துல குத்தினா, கணையம் முதுகெலும்புக்கும் அதுக்கும் நடுவில் மாட்டி நசுங்கும். வெளியே கீறல்கூட இருக்காது. சைக்கிளில் விழுந்த குழந்தைக்கும் இது நடக்கும். விழுந்த பிறகு மேல்வயிறு வலி, வாந்தி இருந்தா சோடா வாங்கிக் கொடுக்காம ஆஸ்பத்திரிக்கு வாங்க.

ரேலியில் இன்னொரு சிக்கல், விழுற இடத்துக்கு உதவி வந்து சேர நேரம் ஆகும். அவங்களுக்கு ஹெலிகாப்டர் உண்டு. நம்ம மாதிரி பொழுதுபோக்கு ஆட்களுக்கு?

ட்ராக்: எல்லாரும் ஒரே திசையில் ஓட்டுவாங்க. மரம், மீடியன், எதிரே வர்ற பஸ், குறுக்கே ஓடுற நாய் எதுவும் கிடையாது. டயர் வழுக்கினா பெரும்பாலும் சறுக்கிக்கிட்டே ஓரத்து மண்ணில் போய் நிப்போம். தோல் உடை தேயும், தோல் தப்பிக்கும். ஆம்புலன்ஸ் அங்கேயே நிக்கும். வழுக்கின டயர் திடீர்னு பிடிச்சு ஆளைத் தூக்கி எறியும் 'ஹைசைடு'தான் மோசம். அதில் சாதாரணமா முதலில் உடையறது காலர்போன். பிளேட் இருக்கிறதால அது எனக்குப் பழக்கம்.

இதனால் ட்ராக் பாதுகாப்பானதுன்னு நினைச்சிடாதீங்க. 2023 ஆகஸ்டில் இதே இருங்காட்டுக்கோட்டையில், தேசியப் போட்டியில் 13 வயசுப் பையன் விழுந்து இறந்துபோனான். அந்த வாரத்து மீதிப் போட்டிகளை ரத்து பண்ணினாங்க. அந்தச் செய்தியைப் படிச்சுட்டுத்தான் நான் இதை எழுதறேன். ஆபத்தை முழுசா ஒழிக்க முடியாது. எந்த ஆபத்தை ஏத்துக்கறோம்னு தெரிஞ்சு ஏத்துக்கலாம்.

முடிவை உறுதி பண்ணினது வேற விஷயம். பயிற்சி எங்கே பண்றது?

ரேலின்னா வாரா வாரம் கரடுமுரடான பாதை வேணும். எனக்குக் கைக்கெட்டின தூரத்தில் இருக்கிறது மலைப்பாதைதான். அதில் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைங்க நடக்கிறாங்க, ஆடு மாடு வருது, கர்ப்பிணியை ஏத்திக்கிட்டு வண்டி இறங்குது. இதை எங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற மலைக்காரப் பெரியவர்கிட்ட சொன்னேன். சிரிச்சார். "சார், அந்த ரோட்டுல நாங்க உசுரோட வூடு போய்ச் சேர்றதே ரேஸுதான். நீங்க வேற எதுக்கு?" என்றார். அதுக்கு மேல பேச்சில்லை. டாக்டரே அந்த வளைவில் சாய்ச்சு ஓட்டறதைப் பார்த்தா, 17 வயசுப் பையன் ஹெல்மெட் இல்லாம அதையே செய்வான். அவனும் கடைசியில் என் டேபிளுக்குத்தான் வருவான்.

ட்ராக் என்றால் பயிற்சியும் ட்ராக்கிலேயே. மத்த நாள் ரோட்டில் நான் 50ஐத் தாண்டாத டாக்டர்.

சரி, இந்த வயசில் பழைய வேகம் வருமா? மார்க் மார்க்கேஸ் கதையைப் பாருங்க. 2020 ஜூலை 19இல் வலது மேல்கை எலும்பு உடைஞ்சது. 21இல் ஆபரேஷன். 25ஆம் தேதி மறுபடி பைக்கில். ஆகஸ்ட் தொடக்கத்தில் வீட்டில் கதவைத் திறக்கும்போது பிளேட்டே உடைஞ்சது. மொத்தம் நாலு ஆபரேஷன். 2024இல், தன்னை ஆறு தடவை மோட்டோஜிபி சாம்பியன் ஆக்கின ஹோண்டாவை விட்டுட்டு, ஒரு சின்ன அணியில் முந்தின வருஷத்து டுகாட்டியில் ஏறினார். அந்த செப்டம்பரில் 1,043 நாள் கழிச்சு ஜெயிச்சார். 2025இல் ஏழாவது பட்டம். எலும்புக்கு அதன் நேரத்தைக் கொடுத்து, இப்போதைய உடம்புக்கு ஏத்த வண்டியைத் தேடினதும்தான் அவர் திரும்பி வந்தார் என்பது என் வாசிப்பு.

நான் மார்க்கேஸ் இல்லை. அதனால் பெரிய சிசி ஆசையை மூட்டை கட்டிட்டேன். நோவிஸ் பிரிவு, சின்ன பைக். பக்கத்தில் 19 வயசுப் பசங்க இருப்பாங்க. "அங்கிள், வழி விடுங்க"ன்னு சொன்னா விடுவேன்.

எனக்கு நானே போட்ட மூணு கட்டுப்பாடு. மூணும் உங்களுக்கும் பொருந்தும்.

நைட் டியூட்டி முடிச்ச மறுநாள் பைக்கைத் தொடமாட்டேன். 17 மணி நேரம் தொடர்ந்து விழிச்சிருந்தா, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருக்கிற அளவுக்குச் செயல்திறன் குறையும்னு ஆய்வுகள் சொல்லுது. நம்ம சட்ட வரம்பே 0.03தான். தூக்கக் கலக்கத்தோட ஓட்டறவரை ஊத வெச்சுப் பிடிக்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தலையில் அடிபட்டா, மயக்கமே வராட்டாலும் அன்னைக்கு ஓட்டம் முடிஞ்சது. அந்த ஹெல்மெட்டும் குப்பைக்கு.

ரேஸ் லைசன்ஸுக்கான மருத்துவச் சான்றிதழில் என் கையெழுத்தை நானே போடமாட்டேன். எனக்குச் சலுகை காட்டாத ஒரு சீனியர்கிட்ட போயிருக்கேன். இசிஜி, பார்வை, தோள்பட்டை அசைவு எல்லாம் பார்த்துட்டு, "மூணு மாசம் முதுகுக்கும் கழுத்துக்கும் உடற்பயிற்சி பண்ணிட்டு வாடா, அப்புறம் பார்க்கலாம்"னு திருப்பி அனுப்பிட்டார். இன்னைக்கு 41ஆம் நாள்.

வீட்டம்மா இன்னும் முழுசா சம்மதம் சொல்லலை. இந்த இழையை முதலில் அவங்கதான் படிச்சாங்க. "விழறதைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்கீங்க, பிரேக் பிடிக்கிறதைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே" என்றாங்க. அதை அடுத்த இழையில் எழுதறேன்.


ஒரு அரசு மருத்துவர், ஒடுகத்தூர்