தூளின் பெருமை

பெங்களூரில் வாழும் தமிழர் வீடுகளில் காலைப் பொழுது காப்பியின் மணத்தோடுதான் புலரும். காப்பி வாரியத்தின் தலைமையகமே இந்நகரில் இருக்கிறது. சிக்கமகளூர், குடகு மலைகளில் விளைந்த கொட்டை தெருக்கோடிக் கடையில் வறுபட்டு அரைபடுகிறது. ஆகவே, காலையில் காப்பி ஆட்சி செலுத்துவதில் வியப்பில்லை. ஆயினும் மாலைப் பொழுது, அதிலும் மார்கழி, தை மாதங்களின் மாலைப் பொழுது, தேநீருக்கே உரியது என்பது என் கருத்து.

கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. 1884ஆம் ஆண்டு சனவரியில் இங்கே வெப்பநிலை 7.8 பாகை செல்சியசுக்கு இறங்கியதாம். அத்தகைய குளிர் இன்று இல்லை. கட்டடங்களும் வாகனங்களும் பெருகி ஊரைச் சூடேற்றிவிட்டன. எனினும், அலுவலகக் கோப்புகளை மூடிவைத்துவிட்டுப் பேருந்தில் ஆஸ்டின் டவுன் வந்து இறங்கும் வேளையில், கால்பந்து மைதானத்துப் பக்கமிருந்து வரும் காற்று காதுமடலைத் தீண்டினால் போதும், கால்கள் தாமாகவே வீட்டு அடுக்களையை நோக்கி விரைகின்றன.

அடுக்களையில் எனக்கென்று ஒரே ஒரு பணி உண்டு. மாலைத் தேநீர் வைப்பதுதான் அது. ஏனையவை யாவும் என் துணைவியின் ஆளுகைக்கு உட்பட்டவை. நான் வைப்பது இஞ்சியும் மிளகும் ஏலமும் சேர்த்துப் பாலிட்டுக் காய்ச்சும் தேநீர். வடபுலத்தார் இதனை மசாலா சாய் என்பர்.

மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. பாரத நாடு முழுவதையும் ஒரே அறையில் காணலாம். குசராத்து நண்பர் புதினாவும் எலுமிச்சைப்புல்லும் இட வேண்டும் என்பார். பஞ்சாபு நண்பர் சோம்பு இல்லாத தேநீரைத் தேநீர் என்றே ஒப்புக்கொள்ளார். வங்கத்து நண்பரோ டார்ஜிலிங் இலையின் மணத்துக்கு முன் இவையெல்லாம் எதற்கு என்று புன்னகை செய்வார். இவர்கள் வழக்காடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது இனிது. ஆனால், இக்கலையில் எனக்கு ஆசான் இவர்களுள் எவரும் அல்லர். என் அன்னையே ஆவார். தேயிலையைக் கடையில் காணுமுன்பே செடியில் கண்டவர் அவர்.

அன்னை பிறந்தது இலங்கையில், நுவரெலியா மலைப்பகுதித் தோட்டம் ஒன்றின் லயத்தில். அத்தீவில் முதலில் செழித்தது காப்பியே. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டாண்டுகளில் காப்பிச் செடிகளின் இலைகளில் துருநோய் தோன்றியது. சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. மலைகள் தேயிலைக்கு மாறின. காப்பிக்காகத் தமிழகத்திலிருந்து சென்ற மக்களின் வழிவந்தோர் தேயிலைக்கு ஆளாயினர். செடி மாறியது, கூடை மாறவில்லை.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்பாடு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. அந்தப் பங்கீட்டில் இந்தியாவின் கணக்கில் விழுந்த குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. எழுபதுகளில் அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். மண்டபம் முகாமில் தங்கினர். பின்பு நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கம் அனுப்பப்பட்டனர். தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்கென்றே தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம் அங்கே நடந்துகொண்டிருந்தது. கடலைக் கடந்து வந்தும் அன்னையின் கைக்குக் கிடைத்தது கொழுந்து கிள்ளும் வேலையே. இரண்டு இலையும் ஒரு மொட்டும். அக்கரையிலும் அதுவே, இக்கரையிலும் அதுவே.

லயத்தில் அவர்கள் பருகிய தேநீர் எத்தகையது? விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். கொதிக்கும் நீரில் தூளைப் போட்டு, ஒரு துண்டு இஞ்சியைத் தட்டியிட்டு, உள்ளங்கையில் சிறிது சர்க்கரையை வைத்துக்கொண்டு குடித்துவிட்டு மலையேறுவர். அதற்குத் தேத்தண்ணி என்று பெயர். பால் என்பது குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் விருந்தினருக்கும் உரியது. ஆலையில் இலையைச் சலித்துத் தரம் பிரித்தபின் நல்ல இலை கப்பலுக்குப் போகும். சல்லடையின் அடியில் தங்கும் தூளே இலையைக் கிள்ளியவர் வீட்டுக்கு வரும்.

இப்பழக்கம் அன்னையை விட்டு எளிதில் நீங்கவில்லை. பெங்களூருக்கு வந்த பின்னும், “பால் புள்ளைங்களுக்கு இருக்கட்டும், எனக்கு வெறுந் தேத்தண்ணி போதும்” என்பதே அவர் வாக்கு. மாதந்தோறும் சம்பளம் வருகிறது. நாள்தோறும் நந்தினிப் பால் வாயிலுக்கு வருகிறது. ஆயினும் அவர் கோப்பையில் மட்டும் பால் விழாது. என் துணைவி பாலிட்டுக் கொடுத்தால், அதைப் பேத்தியிடம் தந்துவிட்டுத் தமக்கெனத் தனியே வைத்துக்கொள்வார். மகன் கையால் வைத்துத் தந்தால் மட்டும் மறுக்க அவருக்கு மனம் வருவதில்லை. நான் அடுக்களை புகுந்த வரலாறு இதுதான். எழுபது வயதைக் கடந்த அன்னைக்குக் குளிர்காலத்து இருமல் வந்து, உணவும் குறைந்திருந்த நாளில், அரைக் குவளைப் பாலேனும் உள்ளே செல்ல வேறு வழி தோன்றவில்லை.

இனிச் செய்முறைக்கு வருவோம். நால்வருக்கு இரண்டு குவளை நீரும் இரண்டு குவளைப் பாலும் வேண்டும். ஜான்சன் மார்க்கெட்டில் வாங்கிய இஞ்சியில் கட்டைவிரல் கணு அளவு எடுத்து, ஆறு மிளகு, இரண்டு கிராம்பு, சிறு துண்டுப் பட்டை ஆகியவற்றோடு ஒன்றிரண்டாக இடித்து, முதலில் நீரில் மட்டும் ஐந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். பச்சை இஞ்சியைப் பாலில் நேரே இட்டால் பால் திரிந்துபோகக்கூடும். அதிலுள்ள நொதி ஒன்று பாலின் புரதத்தைச் சிதைக்கும். நீரில் கொதித்தால் அந்நொதியின் ஆற்றல் அடங்கிவிடும். நம் ஊரின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதித்துவிடுவதால், ஒரு நிமிடம் கூடுதலாக விட்டால் குறையில்லை.

இருமல் மிகுந்த நாளில் இஞ்சிக்கு மாற்றாகத் தோல் சீவிய சுக்கை இடுவது அன்னையின் வழக்கம். இஞ்சி உலரும்போது அதன் காரப்பொருள் மேலும் காரமான வேறொன்றாக மாறுகிறது என்பது அறிவியல். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் திரிகடுகம் என்று போற்றியவர் நம் முன்னோர். நல்லாதனார் தம் நூலுக்கே அப்பெயரைச் சூட்டினார் அன்றோ? நம்மவர்க்குக் கசாயம் பழையது, தேயிலை புதியது. இரண்டும் சந்தித்த இடமே இத்தேநீர் எனலாம்.

பின்பு மூன்று தேக்கரண்டித் தூளை இட்டு இரண்டு நிமிடம், பாலை ஊற்றி இருமுறை பொங்கும் வரை. இறக்குமுன் நான்கு ஏலக்காயைத் தோலோடு தட்டிப் போட்டு மூடிவிட வேண்டும். ஏலத்தின் மணம் ஆவியாகிப் பறந்துவிடும் இயல்புடையது. ஆதலால் அதற்குக் கடைசி இடம். வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ விரும்புவோர் அடுப்பிலிருந்து இறக்கி, வடிகட்டிய பின்னரே சேர்த்தல் நலம்; கொதிக்கும்போது சேர்த்தால் பால் முறிவதுண்டு.

சென்ற ஆண்டு உறவினர் ஒருவர் அழகிய தகரப் பெட்டியில் உயர்தர முழுஇலைத் தேயிலை கொணர்ந்தார். என் மகள் ஆசையோடு அதையே பாலும் இஞ்சியும் இட்டுக் காய்ச்சினாள். நிறமும் ஏறவில்லை, சுவையும் தெரியவில்லை. அன்னை ஒரு வாய் பருகிவிட்டுச் சிரித்தார். “இது தொரைமாரு குடிக்கிற இலைம்மா. பாலையும் இஞ்சியையும் தாங்காது. தூளைப் போடு” என்றார்.

அவர் கூற்றில் உண்மை உண்டு. முழுஇலையில் சுடுநீர் படும் பரப்பு குறைவு. தூளில் அது மிகுதி. ஆகவே நிறமும் துவர்ப்பும் விரைந்து இறங்குகின்றன. அத்துவர்ப்பைப் பாலின் புரதம் பற்றிக்கொண்டு மென்மையாக்குகிறது. வலுவற்ற சாறாயின் பாலில் கரைந்து காணாமற்போகும். 1930களில் அசாமில் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் பொறி வந்தபின் இந்தியத் தேயிலையின் பெரும்பகுதி திட்டமிட்டே மணியாகவும் தூளாகவும் செய்யப்படுகிறது. தென்னாட்டுத் தேநீர்க் கடைகளில் அரசாள்வது தூளே.

கடையில் தூள் என்று கேட்க நாணுவோர் சிலரைக் கண்டிருக்கிறேன். நாண வேண்டுவதில்லை. சல்லடைக்கு அடியில் தங்கியது என்று ஒதுக்கப்பட்டதே பாலையும் இஞ்சியையும் மிளகையும் ஒருசேரத் தாங்கி, தன் சுவையையும் இழவாது நிற்கிறது. இதை நான் நூல்களில் கற்பதற்கு முன்பே அன்னை அறிந்திருந்தார்.

இப்போதெல்லாம் நான்கு கோப்பைகளிலும் ஒரே நிறம். பேத்தியும் பாட்டியும் எதிரெதிரே அமர்ந்து பருகுகின்றனர். “அப்பாயி, இன்னும் கொஞ்சம்?” என்று மகள் கேட்கிறாள். முன்பெல்லாம் கோப்பையைக் கையால் மூடிக்கொள்ளும் அன்னை, இப்போது அதை நீட்டுகிறார்.