பழி யாருடையது?

கீழ்வேளூர் வட்டாரத்தில் மேடை எந்தக் கட்சியினுடையதாயினும், வெண்மணியின் பெயர் அங்கு ஒருமுறையேனும் ஒலிக்கக் கேட்கிறோம். ‘உங்கள் ஆட்சியில்தானே’ என்பார் ஒருவர். ‘உங்கள் கொடியால்தானே’ என்பார் மற்றொருவர். சில வேளை ஒரு சாதியின் பெயரே குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது.

நடந்ததை இளையோர்க்காக ஒருமுறை சொல்லிவிடுவோம். 1968இல் அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில் உழவுத் தொழிலாளர் கூடுதல் நெற்கூலி கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் திரண்டனர். நிலக்கிழார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கமாகக் கூடினர். டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் இரவு. நிலக்கிழார் தரப்பைச் சேர்ந்த பக்கிரிசாமி கொல்லப்பட்டார். அதே இரவில் கீழ்வெண்மணிச் சேரி எரிந்தது. இராமையாவின் சிறு குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் தீயில் மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பக்கிரிசாமியின்மேல் கைவைத்தவர் எவர் என்று அக்குடிசையின் வாயிலில் யாரும் விசாரிக்கவில்லை. பால்குடி மறவாத குழந்தை எச்சங்கத்துக்குச் சந்தா கட்டியிருக்கும்?

பக்கிரிசாமி கொலைக்காகத் தொழிலாளர் சிலர் தண்டனை பெற்றனர். தீயிட்ட வழக்கிலோ, நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்கு நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் 1970இல் விதித்த பத்தாண்டுச் சிறையை, 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கி அவர்களை விடுவித்தது. சாட்சியங்களில் முரண் கண்டது என்பது உண்மை. ஆயினும், நிலமும் காரும் உடைய செல்வர்கள் தாமே நடந்துவந்து தீ வைத்திருப்பர் என நம்புவதற்கில்லை என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. குடிசைக்குள் இருந்தோரை அவர்கள் சார்ந்த கூட்டமே குற்றவாளிகளாக்கிற்று. வெளியே இருந்தோர்க்கு அவர்கள் சார்ந்த வகுப்பே நற்சான்றாயிற்று. ‘இம்மனிதன் என்ன செய்தான்?’ என்னும் கேள்வி ஈரிடத்தும் பின்தள்ளப்பட்டதைக் காண்கிறோம்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, பிறர் தீமைக்கு உடந்தையாதல் பற்றி நாம் நெடுநாள் படித்ததுண்டு. அச்செயலை அவன் மனமாரச் விரும்பினானா, அவன் உதவி அதற்கு எவ்வளவு அண்மையில் நின்றது, மறுக்க அவனுக்கு வழி இருந்ததா என்று அப்பாடம் கேட்கும். (தேர்வில் எழுத எளிது, ஊரில் கேட்கத்தான் கடினம்.) அடியாட்களுக்குப் பணம் தந்தவர், மிரட்டலைக் காதாரக் கேட்டும் வாய்மூடியிருந்தவர், நெல்விலைக்காக மட்டும் சங்கத்தில் சேர்ந்த சிறு மிராசுதாரர் ஆகிய மூவரும் ஒரே அளவில் பழிக்குரியவரல்லர். வாய்மூடியிருந்தவர் கணக்கொன்றும் தர வேண்டியதில்லை என்பதும் பொருந்தாது.

ஆட்சியைப் பற்றியும் இவ்வாறே. அன்று முதல்வர் அறிஞர் அண்ணா. அவருடைய அரசு முன்னரே அறிந்திருந்தது என்ன, காவல்துறை செய்தது என்ன என்பவை நேரிய கேள்விகள். 1968இல் பிறந்தேயிராத கிளைச் செயலாளரின் சட்டையைப் பிடித்து அவற்றைக் கேட்பது நேரியதன்று. தந்தையின் பாவத்தை மகன்மேல் சுமத்தலாகாது என எசேக்கியேல் இறைவாக்கினர் தம் நூலின் 18ஆம் அதிகாரத்தில் நெடிது வாதாடுகிறார்.

பழி வழிவழியாக வருவதில்லை, நிலமோ வருகிறது. அந்நிலத்தில் இன்று என்ன கூலி, அதில் நடவு செய்வோர் குடியிருக்கும் மனைக்குப் பட்டா உண்டா, மழைக்காலத்தில் சேரியின் பாதை எப்படி என்று அக்கிளைச் செயலாளரிடமும் மிராசுதாரரின் பேரனிடமும் கேட்கலாம். மேடையில் எவரும் அப்படிக் கேட்டு நாம் இதுவரை செவியுற்றதில்லை.