அபிமன்யுவை வெளியே நிறுத்தினேன்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் கம்மாபுரத்துக்குப் பக்கத்து ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா. விடிய விடிய ‘கர்ண மோட்சம்’ கூத்து. கர்ணன் வேஷம் கட்டியவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். முகவீணைக்காரருக்கு என் வயது. ஜமாவில் இருபது வயதுப் பையன் ஒருவன்கூட இல்லை. எனக்குப் பின்னால் யாரோ கர்ணனின் பாட்டை ஒரு சொல் பிசகாமல் முணுமுணுப்பது கேட்டுத் திரும்பினேன். “நல்லா இருக்கீங்களா சார்?” என்றார். என் பழைய மாணவர்.

1987-இல் எட்டாம் வகுப்பு. கூத்துக் குடும்பத்துப் பையன். ராத்திரி அபிமன்யு வேஷம் கட்டிவிட்டு, காதோரம் அரிதாரம் கலையாமலே பள்ளிக்கு வருவான். பின் பெஞ்சில் தூங்குவான். எத்தனை நாள் வெளியே நிறுத்தினேன் என்று கணக்கில்லை. ஒருநாள், “படிப்பா, கூத்தா? ஒண்ணு முடிவு பண்ணிட்டு வா” என்றேன். அவன் திரும்பி வரவேயில்லை. சில வருஷத்தில் கூத்தையும் விட்டுவிட்டு, சுரங்கத்தில் ஒப்பந்த வேலைக்குப் போய்விட்டான். இரண்டும் போயிற்று.

அப்படிக் கேட்டிருக்கவே வேண்டியதில்லை என்று பணி ஓய்வுக்குப் பிறகுதான் புரிந்தது. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. கூத்துக் கலைஞர்களே சேர்ந்து 1990-இல் தொடங்கியது. அதை முன்னின்று நடத்திய பெ. ராஜகோபாலும் கூத்துக்காகப் பள்ளியை விட்டவர்தான். அவர்கள் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடத்தினார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். பாடவேளை கூத்துக்கு வழிவிட்டால் போதும், இரண்டும் நடக்கும். எனக்கு அது தோன்றவில்லை.

பயிற்சி கொடுத்தால் மட்டும் போதாது. பார்க்க ஆளும், வயிறு நிறையக் கூலியும் வேண்டும். ‘சுற்றுலா வந்தால் கலை பிழைக்கும்’ என்கிறார்கள். எப்படிப்பட்ட சுற்றுலா என்று பார்க்க வேண்டும். விடுதிக்கு வரவழைத்து அரை மணி நேரம் ஆடச் சொன்னால் கிரீடம்தான் மிஞ்சும், கதை போய்விடும். புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையினர் வேறு வழி காட்டினார்கள். இளைஞர்களுக்குப் பயிற்சி, ஊரிலேயே கூத்து விழா. கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி போன்றவர்கள் சென்னையிலிருந்து அங்கே போய்ப் பார்த்தார்கள், கற்றார்கள். வருகிறவர்கள் ஊரின் நேரத்துக்கு உட்கார வேண்டும். ஊர்க்காரர் கடையில் டீ குடிக்க வேண்டும். காசு ஜமாவின் கையில் நேராகச் சேர வேண்டும்.

நம் பக்கத்தில் சுரங்கத்துக்காக ஊர்களே இடம் பெயர்ந்திருக்கின்றன. கோயிலைப் புது இடத்தில் கட்டிவிடலாம். பாட்டு தெரிந்தவர் போய்விட்டால் எதை வைத்துக் கட்டுவது?

அன்று விடியற்காலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சார்” என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, “அஞ்சு பசங்க வந்தா போதும், சொல்லித் தரேன்” என்றார்.

கோடை விடுமுறையில் என் வீட்டுத் தோட்டத்தில் தொடங்குகிறோம். பையன், பெண் யாரும் வரலாம். பள்ளி திறந்த பிறகு, ராத்திரி ஆடிய பிள்ளை மறுநாள் காலை தூங்கட்டும். விட்டுப்போன பாடத்தைச் சாயங்காலம் நான் நடத்துகிறேன். உள்ளூரில் இருப்பவர்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் அடுத்த திருவிழாவுக்கு நண்பர்களோடு வாருங்கள். பாதியில் எழுந்து போகாமல் விடியும்வரை உட்காருங்கள். படுக்கப் பாய் என் வீட்டில் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் எட்டாம் வகுப்பு வாத்தியார்