கில்ட்டும் வேட்டியும்

தெஹிவளையில் கடற்காற்று வாங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில் எடின்பரோவிலிருந்து மருமகன் அழைத்தான். "மாமா, சிநேகிதன்ரை கலியாணத்துக்குக் கில்ட் உடுத்து வரச் சொல்லியிருக்கினம். அது வேறை ஆக்களின்ரை குலத்துணியெல்லோ? நான் உடுக்கலாமோ?"

கேள்வி நியாயமானது. டார்ட்டன் எனும் அக்கட்டத்துணிக்காகச் சிறை சென்ற காலமும் உண்டு. 1746ஆம் ஆண்டுச் சட்டம், ஸ்கொட்லாந்தில் படையினரல்லாத ஆடவர் மலைநாட்டு உடை அணிவதைத் தடுத்தது. முதல் குற்றத்துக்கு 6 மாதச் சிறை; மறுமுறை 7 ஆண்டு நாடுகடத்தல். 1782இல்தான் தடை நீங்கியது.

இன்று எவர் அணிவதற்கும் சட்டத்தடை இல்லை. அரச குடும்பத்தின் பால்மோரல் கட்டத்தை மட்டும் பிறர் மரபாகத் தவிர்ப்பர். குலத்தொடர்பு இல்லாதவர்க்கு 'பிளாக் வாட்ச்' போன்ற பொதுக் கட்டங்கள் உண்டு.

"மடிப்புகள் பின்பக்கம், விளிம்பு முழங்கால் அளவு. வேடிக்கை வேடமாக மட்டும் உடுக்காதை" என்றேன்.

நல்லூரில் மேலாடை களைந்து வேட்டியோடு நிற்கும் வெள்ளையரை நாம் பழிப்பதில்லை. முறையறிந்து வந்தவர் என்றே மதிக்கிறோம். நம் மலையகத் தோட்டங்களுக்குக் கிளாஸ்கோ, ஹோலிரூட் என்று பெயரிட்ட துரைமார் அங்கு உழைத்தவரிடம் அனுமதி கேட்டதில்லை. இவன் கேட்டான். அதுவே எனக்கு நிறைவு.