லாமஸ் நாளில் டோஸ்ட் ரொட்டி

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள் நம் பெரியவர்கள். தமிழகத்தில் விதைக்கத் தொடங்கும் அதே நாள்களில் இங்கிலாந்தில் கோதுமை முற்றி அறுவடைக்கு நிற்கும். ஆகஸ்டு 1 அங்கே ‘லாமஸ்’. பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லாஃப்மாஸ்’, அதாவது ரொட்டிப் பூசை. புதுக் கோதுமையில் சுட்ட முதல் ரொட்டியைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோய் ஆசி வாங்குவது அந்தக் கால வழக்கம். அயர்லாந்தில் இந்த நாளுக்கு லூனசா என்று பெயர், லூ என்ற கடவுளை வைத்து வந்தது. ஐரிஷ் மொழியில் ஆகஸ்டு மாதத்தையே இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

யார்க் நகரில் முதுகலை படித்த ஆண்டில் என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த தாதி ஒருவர் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் தம்மைப் ‘பேகன்’ என்று சொல்லிக்கொள்வார். கிராமத்தான் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் பேச்சில் சொன்னால் பட்டிக்காட்டான்! ஆனால் அந்தத் தோழி பிறந்து வளர்ந்ததெல்லாம் நகரத்தில். அவரைப் போன்றவர்கள் பலரும் அப்படித்தான். பிரிட்டனில் சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் எழுதிய புத்தகம் வெளிவர, பழைய இயற்கை வழிபாட்டைப் புதிதாகக் கட்டியெழுப்பும் ஆர்வம் பரவியது. ஆண்டுக்கு எட்டுத் திருநாள் என்ற கணக்கும் அதற்குப் பிறகு நிலைத்ததுதான். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 74,000 பேர் தங்கள் சமயம் பேகன் என்று எழுதியிருக்கிறார்கள்.

லாமஸுக்குத் தன் கையால் ரொட்டி சுட வேண்டும் என்று தோழிக்கு ஆசை. எங்கள் வீட்டு அடுப்புச் சூளை ஜூன் மாதமே செத்துப்போயிருந்தது. வீட்டுக்காரர் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று ஜூலையையும் கடத்திவிட்டார். மிச்சமிருந்தது சமையலறை மேல்தட்டில் கிடந்த சாண்ட்விச் இயந்திரம். “கடையில் வாங்கினாலும் கோதுமை கோதுமைதானே” என்றார் தோழி. சந்தையில் அன்று சுட்ட நாட்டு ரொட்டி இரண்டு வாங்கி வந்தோம்.

இரவுப் பணி முடித்துத் தூங்கி எழுந்த தோழி, நான், மாடியறை மாணவர்கள் இருவர். செடார் சீஸ், வெங்காயம், தக்காளி அவர்கள் பங்கு. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலி சம்பல் என் பங்கு. சீஸும் சம்பலும் சேர்ந்து உருகி ஓரத்தில் கருகி ஒட்டும் பாருங்கள், அதைச் சுரண்டித் தின்ன அன்று போட்டியே நடந்தது. ரொட்டி பாக்கார் என்றால் காயாவும் வெண்ணெயும்தான் என்று நினைப்பவர்கள் ஒருமுறை செய்து பார்க்கலாம்.

முதலில் சுட்டதை மட்டும் யாரும் தொடவில்லை. ஆசி பெற்ற ரொட்டியை நான்காகப் பிட்டுக் களஞ்சியத்தின் நான்கு மூலையிலும் வைத்தால் தானியம் காக்கப்படும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அந்த நாட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. எங்களுக்குக் களஞ்சியம் ஏது? தோழி அந்த சாண்ட்விச்சை நான்காக வெட்டிப் பின்கட்டில் குப்பைத்தொட்டிகளுக்கு அப்பால் நான்கு மூலையிலும் வைத்தார். காக்கைக்குச் சோறு வைக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அது வேற்றுநாட்டுப் பழக்கமாகவே தெரியவில்லை.

சாப்பிட்டபடியே அவர் டால்ட்டுவின் கதையைச் சொன்னார். லூவை வளர்த்த தாய் அவள். அயர்லாந்துக் காட்டை வெட்டிச் சமவெளியாக்கி உழவுக்குக் கொடுத்துவிட்டு, உழைத்த களைப்பிலேயே செத்துப்போனாள். அவள் நினைவாக லூ நடத்திய விளையாட்டு விழாதான் லூனசா என்கிறது கதை. அறுவடைத் திருநாளுக்கு அடியில் ஒரு சாவுச் சடங்கு இருக்கிறது. கேட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“உங்கள் பொங்கலும் இப்படித்தானா? உங்கள் பாட்டி நெல் விளைத்தாரா?” என்று கேட்டார்.

பாட்டி ஒரு நெல்மணி விளைத்ததில்லை. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். காட்டை வெட்டி ரப்பர் நட்ட காலத்தில் கப்பலேறி வந்தவர் பாட்டியின் அம்மா. நாற்பது வயதைத் தாண்டாமல் அந்த மண்ணிலேயே போய்ச் சேர்ந்தார். அவருக்குப் படம்கூடக் கிடையாது. தோட்டத்து லயத்தில் பொங்கிய பொங்கலுக்கு அரிசி, கடையில் பற்று எழுதி வாங்கியது. கரும்பு எங்கிருந்தோ லாரியில் வரும். அறுவடை என்று எதுவும் எங்களுடையதாக இருந்ததில்லை. இருந்தாலும் பாட்டி விடியுமுன் முற்றத்தில் கல் கூட்டி, பால் சீவும் கத்தியைக் கழுவிப் பொட்டு வைத்து அடுப்பருகே சாத்திவிட்டுத்தான் பானையை ஏற்றுவார். சூரியனுக்குப் படைத்த பிறகு தனியாக ஒரு கைப்பிடி எடுத்து மரங்களின் பக்கம் வைத்துவிட்டு வருவார். யாருக்கு என்று நாங்கள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

இதை என்னால் முடிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். தோழி எழுந்துபோய் இன்னொரு சாண்ட்விச் சுட்டார். சம்பல் சற்று அதிகமாகவே வைத்து. நான்கு துண்டாக்காமல் முழுதாகவே கொண்டுபோய்ப் பின்கட்டுச் சுவர்மேல் வைத்தார்.

அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி, எதாவது பொங்குச்சா?” என்றார். சீஸ் பொங்கி இயந்திரத்தின் ஓரமெல்லாம் வழிந்தது என்றேன். “அப்ப சரி.”

இப்போது ஆகஸ்டு 1 வந்தால் யார்க்கிலிருந்து ஒரு படம் வரும். தைப் பிறந்தால் நான் எங்கள் அடுக்குமாடி வீட்டு கேஸ் அடுப்பில் பொங்கும் பானையைப் படமெடுத்து அனுப்புவேன். போன பொங்கலுக்குத் தோழியே முயன்று பார்த்திருக்கிறார். மின்னடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்து, புகை மணி அலறி, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்களாம். வந்தவர்களைச் சும்மா அனுப்ப மனமில்லாமல் ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்து அனுப்பினாராம்.